ஆர்.எக்ஸ். 100-ஆ, 135-ஆ?

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை வரைக்கும், டூவீலர் ஒர்க்‌ஷாப்பை எட்டிப் பார்த்தால் பிரித்துப் போட்ட யமஹா ஆர்.எக்ஸ். ஒன்று கிடக்கும். எல்லாரும் தேடுவது 100-ஐத்தான். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. பத்திரமாக வைத்துக்கொள்ள அதுவே சரி. தினமும் ஓட்டவும் மலை ஏறவும் என்றால் ஐந்து கியர் 135-ஐ எடுங்கள் என்பேன்.

இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், ஒன்றுதான், 50 மி.மீ. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், மட்டும் 100-இல் 50, 135-இல் 58. அதனால்தான் 98 சி.சி., 132 சி.சி. என்று பிரிகிறது. பவர் 11-லிருந்து 14 குதிரைத்திறனுக்கு ஏறுகிறது. 100 சட்டென்று சீறும். ஆனால் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் விழுந்தால், மீட்க கிளட்சைப் பிடித்து விட வேண்டியிருக்கும். 135 கீழிருந்தே இழுக்கும்.

100 என்று சொல்லி 135 பிளாக்கை மாட்டி விற்பதும் உண்டு. ஹெட்டைக் கழற்றி சிலிண்டரின் உள்விட்டத்தை வெர்னியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள். 50.00 என்றால் சிலிண்டரை இன்னும் கடைந்து பெரிதாக்கவில்லை. 51-ஐத் தொட்டிருந்தால் 0.25 வீதம் நான்கு முறை கடைந்தாயிற்று, இனி உள்ளே புது ஸ்லீவ் (உள்குழாய்) போட வேண்டியதுதான். எவ்வளவு கடைந்தது என்பது பிஸ்டன் தலையில் 25, 50, 75 என்று அடித்திருக்கும். கார்பனைச் சுரண்டினால் தெரியும்.

இது டூ ஸ்ட்ரோக் என்ஜின், பெட்ரோலோடு ஆயிலும் போக வேண்டும்; அதை ஊற்றும் ஆயில் பம்ப் இருக்கிறதா என்பதை அவசியம் பாருங்கள். பலர் அதைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலைக் கலக்கிறார்கள். சமவெளியில் ஓடிவிடும். ஆழியாறு இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி கியரிலேயே இறங்கும்போது பெட்ரோல் வருவது குறைகிறது, அதோடு ஆயிலும் குறைகிறது. என்ஜினோ வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிப்பது அங்கேதான். பம்ப் இருந்தால் என்ஜின் சுற்றும் வேகத்துக்கு ஏற்பக் கொஞ்சமாவது ஊற்றும். பம்ப்பைத் திரும்ப மாட்டினால் காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து குமிழ் நின்று ஆயில் மட்டும் வரும்வரை விடுங்கள். பம்ப் கேபிளுக்கான குறியும் பொருந்த வேண்டும்.

ஆக்சிலேட்டரை விட்டும் ஐடிலிங் இறங்கவில்லை என்றால் எங்கோ காற்று புகுகிறது: கார்புரேட்டர் ரப்பரில் வெடிப்பு, இல்லையேல் மேக்னட் பக்க ஆயில் சீல். விடாமல் வெள்ளைப் புகை வந்து கியர் ஆயிலும் குறைந்தால், போனது கிளட்ச் பக்க சீல். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் சீக்கிரம் கெடுகிறது, அதனால் மேனிபோல்டையும் ஓ-ரிங்கையும் வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள்.

கே.எல். (கேரளப் பதிவு) எண் வண்டியா? சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு சரிபாருங்கள். தமிழ்நாட்டுக்கு மாற்ற, பதிவான ஆர்.டி.ஓ. ஆபீசில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். 15 ஆண்டு தாண்டியதால் ஆர்.சி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால், விற்பவர் புதுப்பித்துத் தரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.