விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) இழுக்கிறதா? முதலில் டிஸ்கைப் பாருங்கள்

7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு நூறு சிதறல் வாசிப்புகளை (டிஸ்கில் அங்கங்கே கிடக்கும் தரவைத் தேடி வாசிப்பது) தாண்டுவதே அபூர்வம். அதில் மூன்று விஎம் ஒன்றாக ஓடினால் எவ்வளவு ரேம் போட்டும் இழுவைதான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே பல்லாயிரம் தரும்.

கொழும்பு பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசாவில் எஸ்எஸ்டி வாங்கப் போகிறவர்கள் விலையை மட்டும் பார்க்காதீர்கள். டிராம் (எஸ்எஸ்டிக்குள் இருக்கும் சிறு ரேம்) இல்லாத, ஒரு செல்லில் நான்கு பிட் திணிக்கும் கியூஎல்சி வகையில், வேகமாக எழுத ஒதுக்கிய கேஷ் நிரம்பியதும் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே விழலாம். மலிவுக்குக் காரணம் அதுதான்!

இனி விஎம்மை எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டும். விஎம் ஓட்டும் மென்பொருள் வெர்ச்சுவல்பாக்ஸ் என்றால், விஎம்மை 'சேவ் ஸ்டேட்டில்' (பாதியில் நிறுத்திச் சேமித்த நிலையில்) விடாமல் முழுதாக ஷட்டவுன் செய்து, வலது கிளிக், 'மூவ்'. கோப்பைக் கையால் இழுத்துப் போட்டால் பழைய பாதையையே தேடி எரர் தரும். ஸ்னாப்ஷாட் (விஎம்மின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்து வைத்தது) இருந்தால் சிக்கல் இரட்டிப்பு. ஸ்டோரேஜ் செட்டிங்கில் 'சொலிட் ஸ்டேட் டிரைவ்' டிக்கையும் போடுங்கள்.

யூபிஎஸ் இல்லாமல் 'ஹோஸ்ட் ஐஓ கேஷ்' (விஎம் எழுதுவதை முதலில் உங்கள் கணினியின் ரேமில் வைக்கும் வசதி) மட்டும் வேண்டாம். கரண்ட் போனால் எழுதாமல் ரேமில் கிடந்த தரவும் போகும்.