அப்பாவின் புல்லட்டுக்கு ஒரு காற்றுக்குழாய்

அப்பாவின் புல்லட் 350 பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டி. மார்கழியில் ஒரே உதையில் கிளம்பிவிடும். சித்திரை பிறந்தால்தான் தொல்லை. வேலூர் கிரீன் சர்க்கிளில் பத்து நிமிடம் ஊர்ந்தால் ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் ஓட்டம், தடுமாறும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் விக்கும், சில நாள் அப்படியே அணைந்துபோகும். அந்தச் சூட்டில் திரும்ப உதைத்துக் கிளப்ப அறுபத்தைந்து வயதில் அவரால் முடியவில்லை. போன வருடம் ஒரு மதியம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. இதற்கு ஒரு வழி பார்த்தே ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் முப்பது வருடமாக புல்லட் மட்டுமே பார்ப்பவர். பிளக், பாயிண்ட் கேப், டேப்பட், கார்புரேட்டர் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, "வண்டில ஒண்ணும் இல்ல தம்பி. சூடு. அவ்ளோதான்" என்றார். அவர் சொன்னது சரி. இந்த வண்டியில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் சிலிண்டருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் ஏர் ஃபில்டர் பெட்டி. ஓடும்போது சிலிண்டரைத் தொட்டுச் சூடேறிய காற்று பின்னால்தான் வருகிறது. நின்றுவிட்டாலோ அந்தச் சூடு அங்கேயே தேங்குகிறது. வார்ப்பிரும்பு சட்டென்று ஆறாது. இன்ஜின் குடிப்பது அந்தக் காற்றைத்தான்.

எதையும் வெட்டுவதற்கு முன்னால் அளந்து பார்த்தது நான் செய்த நல்ல காரியம். ஃப்ரிட்ஜ் உள்ளே வைக்கிற ஒயர் போட்ட டிஜிட்டல் தெர்மாமீட்டர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் இருநூறு ரூபாய்க்குள் கிடைத்தது. அதன் முனையை ஃபில்டர் பெட்டியின் காற்று வாயில் கட்டி, டிஸ்ப்ளேவை டேங்கின் மேல் டேப் போட்டு ஒட்டினேன். வெளியே 39 டிகிரி. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடும்போது பெட்டி வாயில் 46. கிரீன் சர்க்கிளில் பத்து நிமிடம் ஊர்ந்தபின் 63.

இந்த மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பாதி மாயை தெளிந்துவிடும். காற்றின் அடர்த்தி தனி வெப்பநிலைக்கு, அதாவது செல்சியஸோடு 273 கூட்டினால் வரும் எண்ணுக்கு, எதிர்விகிதத்தில் மாறும். நம் ஊர் வெப்பத்தில் மூன்று டிகிரி குறைந்தால் அடர்த்தி சுமார் ஒரு சதவீதம் கூடும். நெடுஞ்சாலையில் 46ஐ வெளிக்காற்றின் அளவுக்கே கொண்டுவந்தாலும் கிடைப்பது இரண்டு சதவீதச் சொச்சம். இந்த இன்ஜின் 5,625 சுற்றில் கொடுப்பதே 18 குதிரைத் திறன். அதில் இரண்டு சதவீதம் கூடினால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. 'கோல்ட் ஏர் இன்டேக் (இன்ஜினுக்குச் சூடில்லாத காற்றைக் கொண்டுவரும் குழாய்) போட்டேன், வண்டி பறக்குது' என்று யாராவது சொன்னால் அவர் காதுக்குக் கேட்கும் உறிஞ்சல் சத்தத்தைத்தான் வேகம் என்று எடுத்துக்கொள்கிறார். ஆனால் ஊர்ந்து போகிற நேரத்தின் 63 டிகிரியைக் குறைக்க முடிந்தால் அது வேறு விஷயம். எனக்கு வேண்டியதும் அதுதான்.

பெட்டியைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் வாயிலேயே கூம்பு ஃபில்டர் மாட்டுகிற வழக்கம் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த ஃபில்டர் சிலிண்டரின் முதுகிலேயே தொங்குகிறது. கிடைப்பது இருப்பதிலேயே சூடான காற்று. அதனால் கம்பெனி பெட்டியையும் பேப்பர் ஃபில்டரையும் அப்படியே வைத்துக்கொண்டு, பெட்டியின் காற்று வாய்க்கு மட்டும் ஒரு குழாய் கட்டுவது என்று முடிவு செய்தேன். இன்னொரு காரணமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. எதையும் வெட்டாமல், துளைக்காமல், பத்து நிமிடத்தில் கழற்றி முன்பிருந்தபடியே ஆக்கிவிடும்படி செய்ய வேண்டும் என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தேன்.

குழாயின் அளவுக்கும் ஒரு கணக்கு. 346 சிசி, நாலு ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சிழுக்கும். 5,625 சுற்றில் ஏட்டளவில் நிமிடத்துக்கு சுமார் 970 லிட்டர். சிலிண்டர் முக்கால் பங்குதான் நிரம்புகிறது என்று வைத்தாலும் 700 லிட்டருக்கு மேல். கார்புரேட்டர் வாய் 24 மில்லிமீட்டர். அதைவிடத் தாராளமாக இருக்கட்டும் என்று உள்விட்டம் நாற்பது மில்லிமீட்டருக்குக் குறையாத ஒன்றரை இன்ச் பிவிசி குழாய் எடுத்தேன். பரப்பளவில் கார்புரேட்டர் வாயைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வரும். ஒரு எல்போவுக்குப் பதில் இரண்டு அரை வளைவு, ஒரு துண்டு ரேடியேட்டர் ஹோஸ், இரண்டு ஹோஸ் கிளிப், வாயில் கட்ட கொசுவலைக் கம்பி. எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

முதலில் செய்த குழாய் தப்பு. குழாயை டேங்குக்கு அடியில் முன்னால் கொண்டுபோய், காற்று நேராக மோதும்படி வாயைப் புனல் மாதிரி விரித்து வைத்தேன். ஓடுகிற வேகத்திலேயே காற்று திணிக்கப்படும் என்று நினைப்பு. இரண்டாம் நாளே குழாயின் அடிப்பக்கம் தட்டையாகி நெளிந்திருந்தது. சிலிண்டர் ஹெட்டுக்கு மேலேயே போகிற இடம். பிவிசி எண்பது டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன் மேல் அலுமினியம் டேப் ஒட்டிச் சமாளித்தேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது வந்தது. வண்டி இழுக்காமல் தயங்கியது. மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, சாவியை அணைத்து, ஓரங்கட்டிப் பிளக்கைக் கழற்றினேன். நல்ல எரிதலில் செங்கல்லும் காப்பியும் கலந்த நிறத்தில் இருக்க வேண்டிய பிளக் முனைப் பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இப்படியே ஓட்டினால் பிஸ்டன் தாங்காது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஏறி வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினேன். வேகத்தில் சரியானது, ஊருக்குள் வந்தால் பிளக் கரிபிடித்தது. இரண்டு வாரம் ஜெட்டை மாற்றி மாற்றிப் போட்டேன். இங்கே சரிசெய்தால் அங்கே கெட்டது.

காரணம் ஜெட்டில் இல்லவே இல்லை. கார்புரேட்டர் பெட்ரோலை எப்படி எடுக்கிறது என்று ஒருநாள் ராத்திரி பொறுமையாக யோசித்தபோதுதான் புரிந்தது. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலில், பெட்ரோலின் மேல் அழுத்துவது வெளிக்காற்று; அந்தக் காற்று உள்ளே வரும் வென்ட் குழாய் பக்கவாட்டில் சும்மா திறந்து தொங்குகிறது. கார்புரேட்டர் குறுகலில் காற்று விரைவதால் அங்கே அழுத்தம் குறைய, அந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ளுகிறது. புனல் வைத்த நான் கார்புரேட்டர் வாயில் மட்டும் அழுத்தத்தைக் கூட்டிவிட்டேன். வென்ட் பக்கம் பழைய அழுத்தமேதான். வித்தியாசம் சுருங்கிவிட்டது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காற்று தரும் அழுத்தம் சுமார் 300 பாஸ்கல்தான். வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. சக்தி கூட்ட அது எந்த மூலைக்கும் காணாது. ஆனால் மூன்று சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமான அது, பெட்ரோல் ஏறி வருகிற அந்த நுண்ணிய வித்தியாசத்தைக் கெடுக்கப் போதும். வேகம் மாற மாற அதுவும் மாறும். பிறகு எந்த ஜெட்டைப் போட்டு அதைப் பிடிப்பது?

முன்பக்க வாய்க்கு முடிவு கட்டியது மழை. ஆம்பூர் தாண்டி ஒரு சாயங்காலம் கோடை மழை கொட்டியது. முன்னால் போன லாரி வாரி இறைத்த தண்ணீர் நேராகப் புனலுக்குள் போனது. நூறு மீட்டர் போவதற்குள் வண்டி நின்றுவிட்டது. மேம்பாலத்துக்கு அடியில் தள்ளி நிறுத்திப் பெட்டியைத் திறந்தால் பேப்பர் ஃபில்டர் ஊறி உப்பியிருந்தது. அதுதான் தண்ணீரை உள்ளே விடாமல் இன்ஜினைக் காப்பாற்றியது. உடனே கிக்கரை மிதிக்காதீர்கள். தண்ணீர் சுருங்காது, சிலிண்டருக்குள் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, நாலைந்து முறை மெதுவாக மிதித்து, துளை வழியாக ஒன்றும் பீச்சவில்லை என்று பார்த்தபிறகே பிளக்கைத் திரும்ப மாட்டினேன். ஃபில்டர் காய மூன்று மணி நேரம் காத்திருந்து, குழாயைக் கழற்றி டிக்கியில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

மறுநாள் அண்ணன் கடையில் அதை வைத்துக்கொண்டு பேசினோம். அவர் ஒரு சாக்பீஸ் எடுத்து, நிற்கிற புல்லட்டைச் சுற்றித் தரையில் சூட்டுக்காற்று போகிற வழியைக் கோடு போட்டுக் காட்டினார். "முன்னாடி போவாத தம்பி. சூடு நடுவுல போவுது, நீ சைடுல வாங்கு." சீட்டுக்கு அடியில், பெட்டியின் வெளிப்பக்கம், மட்கார்டுக்குச் சற்று முன்னால் ஒரு நிழலான மூலை இருக்கிறது. சைலன்சர் அந்தப் பக்கம் இல்லை. தெர்மாமீட்டர் முனையை அங்கே கட்டி மறுபடி கிரீன் சர்க்கிளில் ஊர்ந்து பார்த்தேன். 45 டிகிரி. இடம் கிடைத்துவிட்டது.

இரண்டாவது குழாய் 25 சென்டிமீட்டர்கூட இல்லை. பெட்டி வாயிலிருந்து ரேடியேட்டர் ஹோஸ், அதிலிருந்து ஒரு அரை வளைவு, பிறகு நேர்த்துண்டு, கடைசி அரை வளைவு வாயைப் பின்பக்கமாகவும் கீழாகவும் திருப்பிவிடுகிறது. காற்று மோதாது, மழை ஏறாது. தாழ்வான இடத்தில் நாலு மில்லிமீட்டர் வடிகால் ஓட்டை. ஹோஸின் அடியில் பெட்டியோடு ஒட்டும் இடத்தில் ஃபோம் பட்டை. இந்தக் குழாய் முழுக்க ஃபில்டருக்கு முன்னால் இருப்பதால் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் தூசி இன்ஜினுக்குள் போகாது என்பது ஒரு நிம்மதி. ஃபில்டருக்குப் பின்னால், கார்புரேட்டரோடு சேரும் ரப்பரில் மட்டும் கசிவே கூடாது. அங்கே விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன்; இருந்தது. புது ரப்பர் வாங்கிப் போட்டேன்.

மெயின் ஜெட்டைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தேன். அடர்ந்த காற்றுக்குக் கொஞ்சம் பெட்ரோல் கூட வேண்டும் என்பதால் ஜெட்டுக்குள் இறங்கி பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு படி கீழே இறக்கினேன். கிளிப் இறங்கினால் நீடில் உயரும், கலவை செறிவாகும். பிளக் இப்போது சரியான நிறம்.

அளவுகள் இவை: நெடுஞ்சாலையில் 46 இருந்த இடத்தில் 41. கிரீன் சர்க்கிளில் 63 இருந்த இடத்தில் 47. ஊர்ந்து போகும்போது கிடைக்கும் காற்று முன்பைவிட ஐந்து சதவீதம் கூடுதல் அடர்த்தி. கார்புரேட்டர் உடம்பே சூடாகத்தான் இருக்கிறது, அங்கே காற்று மறுபடி கொஞ்சம் சூடேறும். அதை இந்தக் குழாய் தடுக்காது. டாப் ஸ்பீட் கூடவில்லை. மைலேஜில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஏலகிரி மலைப் பாதையில் ஏற்றிப் பார்த்தேன், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரில் விக்காமல் ஏறியது. மேலே ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் காற்று தானாகவே பத்து சதவீதம் மெலிந்துவிடுகிறது, அங்கே என் ஐந்து சதவீதம் இருக்கிற இடம் தெரியாமல் போய்விடும். அதனால் அந்த ஏற்றத்தைச் சோதனை என்று எடுத்துக்கொள்ளவில்லை, வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

இந்த மே மாதம் அப்பா பாங்க் வேலையாக டவுனுக்குப் போய் மதியம் ஒன்றரைக்குத் திரும்பினார். வண்டியிலேயே வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஐடிலிங் கொஞ்சம் ஏத்தி வெச்சிருக்கியாடா? சிக்னல்ல நிக்கவே இல்லயே."

"இல்லப்பா, அதைத் தொடவே இல்ல."

தண்ணீர் குடித்துவிட்டு வந்து, வண்டிப் பக்கத்தில் குந்தி, சீட்டுக்கு அடியில் இருந்த அந்தக் கறுப்புக் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.