மின்வெட்டுக்குப் பிறகு எழாத சேவைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை மழை பெரும்பாலும் இடியோடுதான் வரும். மின்சாரம் போய்த் திரும்பியதும் எங்கள் செம்பனைக் குலை எடைக் கணக்கு சர்வர் தானாக எழுந்துவிடும். கணக்கு மென்பொருள் மட்டும் எழாது. எடைமேடையில் லாரிகள் வரிசை கட்டும். "தம்பி, மறுபடியும் படுத்துவிட்டது" என்று எடை எழுதும் கிராணி அண்ணன் கூப்பிடுவார். நான் போய்க் கையால் தொடங்கினால் உடனே ஓடும்.

மின்சாரம் வந்தவுடன் எழாத சேவை (பின்னணியில் ஓடும் மென்பொருள்), சற்று நேரம் கழித்து எழுகிறது என்றால் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்பதைத்தான் தேட வேண்டும்.

எங்களுடையது லினக்ஸ் சர்வர்; அதில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் மென்பொருள் சிஸ்டம்டி. தோல்வியடைந்தவற்றின் பட்டியலில் கணக்கு மென்பொருள், அறிக்கைச் சேவை, தரவுத்தளம் மூன்றும் இருந்தன. முதல் இரண்டும் தரவுத்தளத்தை நம்பியவை; அவற்றைத் துருவுவது வீண். பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையால் அந்தத் தொடக்கத்தின் பதிவை நேர வரிசையில் படித்தேன். "தரவு அடைவு (ஃபோல்டர்) இல்லை" என்று தரவுத்தளம் புகார் சொல்லியிருந்தது. அதற்கு இருபது விநாடிக்குப் பிறகுதான், தரவு இருக்கும் வெளி வட்டு மவுண்ட் ஆனதாக (சர்வரோடு இணைந்ததாக) ஒரு வரி! திடீரென அணைந்த வட்டு, சோதனை முடித்து மெதுவாக வந்திருக்கிறது.

அதற்குள் சிஸ்டம்டி கைவிட்டுவிட்டது. அதன் இயல்பான வரம்பு 10 விநாடிக்குள் 5 தொடக்கங்கள். இரண்டு முயற்சிகளுக்கு நடுவே காத்திருப்பது 100 மில்லிவிநாடி மட்டுமே. உடனுக்குடன் விழும் சேவை அந்த ஐந்தையும் ஓரிரு விநாடியில் தீர்த்துவிடும். எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், அந்த வட்டுக்கு 'நோஃபெயில்' (வட்டு வராவிட்டாலும் தொடக்கத்தை நிறுத்தாதே) என்று எழுதியிருந்ததால் வட்டுக்காக யாரும் காத்திருக்கவும் இல்லை.

யுபிஎஸ் வாங்கினால் போதும் என்றார்கள். வாங்கத்தான் வேண்டும், ஆனால் அது இந்த வரிசையைச் சரிசெய்யாது. சேவையின் அமைப்பைத் திருத்தும் 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளை மூலம் தரவுத்தளச் சேவையில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' (இந்தப் பாதைக்குரிய வட்டு இணைந்த பிறகே தொடங்கு) என்ற வரியைச் சேர்த்து, தரவு அடைவின் பாதையைக் கொடுத்தேன். மற்ற இரண்டு சேவைகளிலும் தரவுத்தளத்துக்குப் பிறகே தொடங்க வேண்டும் என்று எழுதினேன்.

கடைசி லாரி போனபின் வட்டின் கேபிளைக் கழற்றிவிட்டு சர்வரை இயக்கினேன். தரவுத்தளம் பொறுமையாகக் காத்திருந்தது. கேபிளைச் செருகியதும் வட்டு, தரவுத்தளம், கணக்கு என்று முறையாக எழுந்தன. வட்டுக்காகக் காத்திருக்கும் இயல்பான வரம்பு 90 விநாடி. உங்கள் வட்டுக்கு அது போதாதென்றால் எஃப்எஸ்டேப்பிலேயே கூட்டிக்கொள்ளலாம்.