துப்பாக்கி இருக்கிற வீட்டில் சாவி யாரிடம்?

வடசென்னையில் லைசென்ஸ் துப்பாக்கி உள்ள வீடுகள் குறைவுதான். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வங்கிக்கோ பணம் ஏற்றும் வேனுக்கோ கன்மேனாகப் போகிறவர் வீடு, சவுகார்பேட்டை நகை வியாபாரி வீடு, இப்படிச் சில. கன்மேன் வீட்டில் பெரும்பாலும் 12 போர் எனப்படும் நீளத் துப்பாக்கி, ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ. வியாபாரி வீட்டில் .32 ரிவால்வரோ பிஸ்டலோ. அந்த வீட்டில் ஒரு பிள்ளை சரியாகத் தூங்காமல், யாரிடமும் பேசாமல், தன்னையே காயப்படுத்திக்கொண்டு, அல்லது போதை மாத்திரைப் பழக்கத்தில் சிக்கி இருந்தால் துப்பாக்கியை என்ன செய்வது?

கொஞ்ச காலத்துக்காவது வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய் வையுங்கள். பூட்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெளியே என்றால் மச்சான் வீடு கிடையாது. லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதை வைத்திருக்கும் உரிமை உங்களுக்கு மட்டும்தான். நல்லெண்ணத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் மச்சான் மேலும் வழக்கு வரும். குழலை மட்டும் கழற்றிப் பக்கத்து வீட்டில் கொடுப்பதும் அதே கதை. துப்பாக்கியின் பாகமும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். வங்கி லாக்கரும் ஆகாது, லாக்கர் ஒப்பந்தத்திலேயே ஆயுதம் வைக்கக்கூடாது என்று இருக்கும். மிச்சம் இருப்பது இரண்டு இடம்: உங்கள் எல்லைக் காவல் நிலையம், அல்லது பாதுகாப்பில் வாங்கி வைக்க அனுமதி உள்ள லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடை. தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைப்பது பழக்கமானதுதானே, அதே மாதிரிதான். காரணத்தை எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் "பாதுகாப்பாக வைத்திருக்கக் கொடுக்கிறேன்" என்று எழுதலாம், பிள்ளை பெயரை இழுக்க வேண்டாம். ரசீதில் துப்பாக்கியின் எண், வகை, தோட்டாக்களின் எண்ணிக்கை மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தோட்டாவையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும்.

வேலையே துப்பாக்கியை நம்பி இருக்கிற கன்மேனுக்கு இது முடியாது. அவர் ராத்திரி டியூட்டி முடிந்து தண்டையார்பேட்டைக்கோ திருவொற்றியூருக்கோ திரும்பி வரும்போது தோளில் துப்பாக்கியும் வரும். இனி சொல்வது அவருக்கு.

வாரிய அடுக்குமாடி வீட்டில் ஒளித்து வைக்க இடமே கிடையாது. பரண், கட்டிலுக்கடி, பீரோவில் புடவை அடுக்குக்குப் பின்னால், அரிசி டிரம்முக்குப் பின்னால் என்று பெரியவர்கள் யோசிக்கும் எல்லா இடத்தையும் பத்து வயதுப் பிள்ளை ஏற்கெனவே துழாவிப் பார்த்திருக்கும். தீபாவளிப் பலகாரத்தை அதே இடங்களில்தானே ஒளித்தீர்கள். ஒளித்து வைத்தது பூட்டி வைத்தது ஆகாது.

பூட்டுவதற்கு முன் காலி செய்ய வேண்டும். பிள்ளை வீட்டில் இல்லாத நேரமாகப் பாருங்கள். கான்கிரீட் தரையில் தவறி வெடித்தால் குண்டு தெறிக்கும்; அதனால் 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் மணலை நிரப்பி, குழல்வாயை அதற்குள் காட்டிக்கொண்டே செய்யுங்கள். விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். இரட்டைக்குழலில் மேல் நெம்பை ஒதுக்கி மடித்துத் திறந்து, தோட்டாக்களை எடுத்த பின் இரண்டு அறையிலும் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அரை இருட்டில் கண் ஏமாற்றும். பிஸ்டலில் வரிசை முக்கியம்: முதலில் மேகசின் (தோட்டா அடுக்கிய உறை) வெளியே, அதற்கப்புறம்தான் ஸ்லைடை (மேல்பக்கத்து நகரும் பாகம்) இழுப்பது. மாற்றிச் செய்தால் ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து இன்னொரு தோட்டா அறைக்குள் ஏறிவிடும். பிறகு மேகசினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு "காலி" என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். விபத்து நடப்பது இப்படியும்தான். நம் ஊர் .32 ரிவால்வர் பெரும்பாலும் மடித்துத் திறப்பது. ஆறு அறையையும் எண்ணுங்கள்.

எடுத்த தோட்டாக்களையும் எண்ணுங்கள். லைசென்ஸ் புத்தகத்தில் வாங்கியதாக இருக்கும் கணக்கில் சுட்டதைக் கழித்தால் கையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மறுவேலை. சட்டைப்பை, டியூட்டி பெல்ட், பழைய பை எல்லாவற்றையும் உதறுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்து, பிரிப்பது. 12 போரில் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். குழலும் கட்டையும் ஒரு பெட்டி, தோட்டா வேறு பெட்டி, வேறு பூட்டு, வேறு சாவி. ஒரே சாவியில் திறக்கிற இரண்டு பெட்டி இருந்தால் அது ஒரு பெட்டிதான். அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று, காலியாக வைப்பது, பூட்டி வைப்பது, தோட்டாவைப் பூட்டுவது, தோட்டாவைத் தனி இடத்தில் வைப்பது என்ற நான்கையும் தனித்தனியாகப் பார்த்தது. பிள்ளைகள் தற்கொலைக்கு முயல்வதும் எதிர்பாராமல் சுட்டுக்கொள்வதும் நான்கு பழக்கத்தில் ஒவ்வொன்றும் உள்ள வீடுகளில் குறைவாக இருந்தது. நான்கும் சேர்ந்து இருக்க முடியாத சின்ன வீட்டில்கூட இரண்டு பழக்கமாவது இருக்கட்டும்.

கேபிள் பூட்டு வாங்கினால் விசை வளையத்தில் மாட்டாதீர்கள். மடித்த இரட்டைக்குழலில் ஒரு குழலின் வாய் வழியாக விட்டு அறை வழியாக வெளியே எடுத்துப் பூட்ட வேண்டும், அப்போதுதான் துப்பாக்கியை மூட முடியாது. பிஸ்டலில் தோட்டா வெளியேறும் வாய் வழியாக நுழைத்து மேகசின் பள்ளம் வழியாக எடுங்கள். விசைப்பூட்டு இரண்டாந்தரம்தான். மலிவானதில் இடுக்கு இருக்கும். தோட்டா உள்ளே இருக்கும்போது அதை மாட்டவே கூடாது, மாட்டும்போதே விசை அழுந்தலாம்.

பெட்டி 2 மி.மீ. தகடாவது இருக்கட்டும். சும்மா தரையில் வைத்த பெட்டியைப் பிள்ளையின் சிநேகிதன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். உள்ளிருந்து நான்கு 10 மி.மீ. ஆங்கர் போல்ட் அடித்துச் சுவரோடு பிணையுங்கள். ஒன்பது இன்ச் செங்கல் சுவரோ கான்கிரீட் தூணோ வேண்டும். நாலரை இன்ச் தடுப்புச் சுவரிலும் ஹாலோ பிளாக்கிலும் போல்ட் பிடிக்காது. ராயபுரத்துப் பழைய சுண்ணாம்புச் சுவரில் ஓதம் ஏறியிருந்தால் ஆறே மாதத்தில் ஆடத் தொடங்கும். தரைத்தள வீட்டில் இடுப்புக்கு மேலே பொருத்துங்கள். 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரே சொல்லும்.

கடற்காற்று இன்னொரு எதிரி. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை இரும்புப் பூட்டு உப்பில் இறுகும். பிடிவாதமாகத் திறக்காத பூட்டை "சும்மா சாத்தி வை" என்று விட்டுவிடுவார்கள், அங்கேதான் எல்லாம் போயிற்று. பித்தளைப் பூட்டு, ஏழு லீவர், சாவித்துளையில் கிராஃபைட் தூள். தேங்காய் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிப் பிசினாகும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள்.

இனி சாவி. என் கணிப்பில் பாதுகாப்பில் முக்கால்வாசி இதுதான். பூட்டு வாங்கும்போது எத்தனை சாவி வந்தது, இப்போது ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது? பூஜை அறை ஆணி, பீரோ மேல்தட்டு, டிவி ஸ்டாண்டு டிராயர் என்றால் பூட்டவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்கள் உடம்போடு இருக்கட்டும், அரைஞாண் கயிற்றிலோ கழுத்துச் சங்கிலியிலோ. குளிக்கும்போது கழற்றி வைக்கிறவர்கள் குளியலறைக்குள் எடுத்துப் போங்கள். மிச்சச் சாவி வங்கி லாக்கருக்குப் போகலாம், அதற்குத் தடையில்லை. தெருவோரச் சாவிக்காரர் பத்து நிமிடத்தில் நகல் எடுத்துக் கொடுத்துவிடுவார் என்பதால் ஒரு சாவி கொஞ்ச நேரம் காணாமல் போய்க் கிடைத்தாலும் பூட்டை மாற்றிவிடுங்கள்.

எண் பூட்டு என்றால் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, வண்டி எண் வேண்டாம். கடையில் வரும்போது இருந்த எண்ணை முதல் நாளே மாற்றுங்கள். மிச்சிகன் மாநிலம் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021-இல் 15 வயது மாணவன் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற வழக்கில், வீட்டிலிருந்த பெட்டியின் எண் 0-0-0 ஆகவே இருந்ததும், கேபிள் பூட்டு உறை பிரிக்காமலே கிடந்ததும் நீதிமன்றத்தில் வெளிவந்தன. பெற்றோர் இருவருக்கும் 2024-இல் 10 முதல் 15 ஆண்டு சிறை. கைரேகைப் பூட்டில் அசந்து தூங்குகிறவர் விரலே சாவி. குடித்துவிட்டுத் தூங்கும் அப்பா உள்ள வீட்டுக்கு அது ஆகாது. பேட்டரி தீர்ந்தால் திறக்க ஒரு அவசரச் சாவியும் அதோடு வரும், அதை மறந்துவிடாதீர்கள்.

சாதாரண ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் பொம்மை மாதிரிச் சுவரில் தொங்கவிடுகிறார்கள். .177 பெல்லட் கண்ணைப் பறிக்கும், கிட்டத்தில் இருந்து உயிரையும் எடுக்கும். அதற்கும் இதே பூட்டுதான். ரீல்ஸ் எடுக்க அப்பாவின் துப்பாக்கியைக் கையில் பிடிக்கவிடுவது வேறு நடக்கிறது. வீட்டில் துப்பாக்கி இருப்பது தெருவுக்கே தெரிந்துவிடும்.

பூட்டெல்லாம் போட்டாலும் தீர்மானமானவன் எப்படியும் செய்துவிடுவான் என்பார்கள். இஸ்ரேல் ராணுவம் 2006-இல், இளம் சிப்பாய்கள் வார இறுதியில் துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துப்போவதை நிறுத்தியது. தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. குறைந்தது வார இறுதியில்தான், மற்ற நாட்களில் பெரிய மாற்றமில்லை. துப்பாக்கி இல்லாத சனிக்கிழமையைத் தாண்டியவர்கள் திங்கட்கிழமை அதைத் தேடிப் போகவில்லை. அந்த வேகம் கொஞ்ச நேரத்து வேகம். பிளஸ் டூ ரிசல்ட், நீட் ரிசல்ட், காதல் முறிவு, வீட்டுச் சண்டை ஆகிய சமயங்களுக்கு முன்பே துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிடச் சொல்வது அதனால்தான்.

பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கோ கூட்டிப்போங்கள். போனில் பேச மத்திய அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104.

ஒப்படைத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்குவதற்கு, பிள்ளை சிரித்துப் பேசுகிறது என்பதை அளவாக வைக்காதீர்கள். பார்க்கிற டாக்டரிடம் "வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, கொண்டுவரலாமா" என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். நடுவில் லைசென்ஸ் காலாவதி ஆகிவிடாமல் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தாலும் புதுப்பிக்க வேண்டியது நீங்கள்தான்.