டைனகோ எஸ்டி-70க்கு மாற்று வால்வு

1959இல் வந்த இந்த அமெரிக்க ஸ்டீரியோ ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையர்) ஏழு வால்வுகள், அதாவது வேக்யூம் டியூப்கள்: ஸ்பீக்கரை ஓட்டும் நான்கு ஈஎல்34, அவற்றுக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் இரண்டு 7199 (சேனலுக்கு ஒன்று), ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரான ஒரு ஜிஇசட்34. ஒன்று மக்கர் செய்ததும் ஏழையும் சேர்த்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

இடது பக்கம் கரகரத்தால் இரண்டு 7199ஐயும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கரகரப்பும் கூடவே வலது பக்கம் போனால்தான் குற்றம் வால்வுடையது. ஈஎல்34இன் உள்ளே தெரியும் உலோகத் தகடு (பிளேட்) சிவந்து பழுத்தால் உடனே ஆஃப் செய்து, ஆறிய பிறகு இன்னொரு ஈஎல்34உடன் இடம் மாற்றுங்கள். அதே சாக்கெட்டுக்கு மாறி வந்த வால்வும் சிவக்கிறதா? 7199 பக்கமிருந்து சிக்னலை மட்டும் கடத்த வேண்டிய கப்ளிங் கெபாசிட்டர் பெரும்பாலும் லீக் ஆகிறது என்று அர்த்தம். நான்குமே சிவந்தால் பயாஸ் (ஈஎல்34 இழுக்கும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் வோல்டேஜ்) சப்ளையில் இருக்கும் பழைய செலினியம் ரெக்டிஃபையர்மேல் சந்தேகப்படுங்கள். இதையெல்லாம் சரிசெய்யாமல் புது வால்வு போட்டால் அதுவும் போய்விடும்.

கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளி பூசியதுபோல் இருக்கும் இடம் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு குப்பைக்கு. கண்ணாடியில் படியும் நீல ஒளிக்குப் பயப்பட வேண்டாம். நடுவில், பிளேட்டுக்கு உள்ளே ஊதா நிறம் தெரிந்தால்தான் வம்பு.

ஈஎல்34 வாங்கும்போது பிராண்டைவிட ஜோடிப் பொருத்தம் முக்கியம். இந்த ஆம்ப்பில் ஒரு சேனலின் இரண்டு வால்வுக்கும் ஒரே பயாஸ் திருகு, ஒரே 15.6 ஓம் ரெசிஸ்டர். அதன் குறுக்கே 1.56 வோல்ட் வந்தால் இரண்டும் சேர்ந்து 100 மில்லிஆம்ப். ஒன்று 65, மற்றது 35 இழுத்தாலும் மீட்டர் அதே 1.56தான் காட்டும். 65 இழுப்பது வெந்து சாகும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் டிசி சமநிலை கெட்டு பேஸும் (கனத்த அடித்தொனி) கலங்கும். ஆகவே மேட்ச் செய்த ஜோடிகளாக இரண்டு வாங்குங்கள். ஒவ்வொரு வால்வின் கேத்தோடிலும் (எலக்ட்ரானை வெளியிடும் முனை) தனித்தனியாக 10 ஓம் ரெசிஸ்டர் போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றின் கணக்கும் தெரியும்: 0.4 வோல்ட் என்றால் 40 மில்லிஆம்ப். பழைய கையேட்டின் 50 மில்லிஆம்ப், பிளேட்டில் 430 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்போது, ஈஎல்34 பிளேட்டின் 25 வாட் எல்லையை நெருங்கிவிடுகிறது. என் கணக்கில் 40 போதும்; காதுக்கு வித்தியாசம் தெரியாது, வால்வுக்குத் தெரியும்.

பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். இன்று புதிதாக விற்கும் மல்லார்டு பிராண்ட் வால்வு ரஷ்யாவின் சரடோவில் தயாராவது. அந்தக் காலத்து இங்கிலாந்து பிளாக்பர்ன் ஆலைக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கெட்ட சரக்கு என்று சொல்லவில்லை. பழைய மல்லார்டு விலையைக் கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவே.

7199தான் தலைவலி. நல்லது கிடைப்பது அரிது, விலையும் எக்கச்சக்கம். டிவி காலத்து 6ஜிஎச்8ஏ வால்வு கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும், விலையும் குறைவு. ஆனால் 2, 6, 7ஆம் பின்களின் வேலை மாறியிருக்கிறது. சாக்கெட்டில் நேராகச் செருகினால் பிளேட் வோல்டேஜ், சிக்னல் நுழையும் கிரிட்டில் போய் உட்காரும். அடாப்டர் வாங்குங்கள், அல்லது அந்த மூன்று வயர்களையும் மாற்றி சால்டர் செய்யுங்கள்.

ஜிஇசட்34க்குப் பதில் 5யு4 ரெக்டிஃபையர் வால்வு போடாதீர்கள்: ஹீட்டர் 1.9 ஆம்பியருக்குப் பதில் 3 ஆம்பியர் இழுக்கும், டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும். ஜிஇசட்34க்கு அடுத்து வரும் முதல் ஃபில்டர் கெபாசிட்டர் 60 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது. ரெக்டிஃபையர் உள்ளேயே ஸ்பார்க் அடித்துப் போவதற்கு அப்படித் தாண்டுவதும் ஒரு காரணம்.

மாட்டும்போது ஸ்பீக்கர் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். ஈஎல்34ஐக் கண்ணாடியில் பிடிக்காமல் அடிப்பாகத்தைப் பிடித்து, நடு முளையில் துருத்தும் வரம்பு சாக்கெட்டின் பள்ளத்தில் சேரும்வரை திருப்பி அழுத்துங்கள். முளை உடைந்த வால்வு எப்படியும் உள்ளே போகும், தப்பாகவும் போகும். கரண்ட் மிகக் குறையும் பக்கமாகப் பயாஸ் திருகை முழுக்கத் திருப்பிவிட்டு ஆன் செய்யுங்கள். பத்து நிமிடம் கழித்து மெல்ல ஏற்றுங்கள், அரை மணியில் மறுபடி சரிபாருங்கள். ஒரு வாரம் ஓடியதும் மீட்டரை இன்னொரு முறை எடுங்கள். புது வால்வு அதற்குள் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.