போடிமெட்டு இறக்கத்துக்கு ஒரு பிரேக் வேலை

போடியிலிருந்து பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு உரம் ஏற்றிப் போவது அப்பா காலத்து மஹிந்திரா பிக்கப். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். சுமையோடு இறங்கும்போது டிரம் சூடேறி விரியும், உள்ளே உரசும் லைனிங்கின் பிடி குறையும், பெடல் ஆழமாகப் போகும். அதனால் முன்பக்கம் டிஸ்க் போட்டோம்.

டிஸ்க்கை மாட்டிவிட்டால் மட்டும் வேலை முடியாது. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பருக்குப் பிரேக் ஆயில் அதிகம் வேண்டும் என்பதால், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினோம். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன். ஒன்று ஒழுகினாலும் மற்றது பிடிக்கும். எனக்கு இதுதான் மிகப் பெரிய நிம்மதி. அப்புறம் பூஸ்டர், வாக்குவத்தால் (வெற்றிடத்தால்) கால் மிதியின் பலத்தைக் கூட்டுவது. டிரம் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும், டிஸ்க் அப்படியில்லை, கால் பலம் போதாது. டீசல் எஞ்சினில் தானாக வாக்குவம் கிடைக்காதே! "அண்ணே, பம்ப் இல்லாம பூஸ்டர் வெறும் தகர டப்பா" என்றார் மெக்கானிக். ஆல்டர்னேட்டரோடு வாக்குவம் பம்பும் சேர்ந்தது.

பின்னால் இன்னொரு ஸ்பிரிங் பட்டை சேர்க்கச் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. காலி வண்டி துள்ளும். துள்ளுகிற சக்கரம் பிரேக் பிடித்தால் வழுக்கும், மழையில் இன்னும் மோசம். தளர்ந்த பட்டைகளை மாற்றி, புது புஷ், புது ஷாக் அப்சார்பர் போட்டோம். பட்டைகளை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைச் சுமை ஏற்றி ஓட்டியபின் மறுபடி முறுக்க வேண்டும், அதை மட்டும் மறக்கவே கூடாது. இனி ஹேண்ட்பிரேக் கேபிள் பாக்கி.