பாம்பனில் இரண்டு ப

2017-இல் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தோற்றேன். எனக்கு வேண்டியது 82, கிடைத்தது 78. மீன்பிடித் தடைக்காலம் 45 நாளிலிருந்து 61 நாளாக நீண்ட ஆண்டு அது. அப்பா வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். “இந்தத் தடவை மீன்பாடு இல்லை, அவ்வளவுதானே” என்றார். எனக்கு அவ்வளவு எளிதாக விட முடியவில்லை.

முதல் தாளில் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதி, ஒவ்வொன்றிலும் 30. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. நான் சறுக்கியது முதல் பகுதியிலும் ஆங்கிலத்திலும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஒரு குழந்தை எப்படி மொழி பழகுகிறது என்பது எனக்குத் தெரியாது. பெயரும் கோட்பாடும் மட்டும் தெரியும். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர்களில் பியாஜே என்றால் இது, வைகோட்ஸ்கி என்றால் அது என்று ஒரு வரி விடைகளாக மனப்பாடம் செய்திருந்தேன். கேள்விகளோ வகுப்பறையைக் காட்டி, இங்கே நீ என்ன செய்வாய் என்று கேட்டன.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் பாம்பன் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுத்தேன். தேர்வுத்தாளில் ஆங்கிலத்தின் பெயர் இரண்டாம் மொழி. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது அயல்மொழிதான். வீட்டில் யாரும் அதில் சண்டை போடுவதில்லை, அதில் தாலாட்டுவதும் இல்லை.

பயிற்சிக் காலத்தில் எனக்குச் சொல்லித்தந்தது எழுத்தில் தொடங்கு, நூறு முறை எழுத வை என்பதுதான். அப்படித்தான் தொடங்கினேன். ஒரு மாதத்தில் பிள்ளைகளின் விரல் வீங்கியது, வாய் திறக்கவில்லை. சலித்துப்போய் ஒரு நாள், “உங்கள் அப்பா படகில் என்னென்ன இருக்கும்?” என்று தமிழில் கேட்டேன். இன்ஜின், டீசல், ஐஸ், பாக்ஸ், டோக்கன், ஜிபிஎஸ், லைட் என்று வந்துகொண்டே இருந்தது. கரும்பலகையில் இடம் போதவில்லை. ஆப்பிளைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகளுக்கு நான் முதல் பாடமாக ஆப்பிளை நடத்திக்கொண்டிருந்தேன்!

அடுத்த வாரம் அப்பாவிடம் பழைய கயிறு ஒன்றை வாங்கிப் போனேன். புல், த்ரோ, லிஃப்ட், டிராப், ஸ்டாப். நான் சொல்வேன், அவர்கள் செய்வார்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை, இழுத்தால் போதும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் முன்வைத்த முறை இதுவே. பிள்ளைகள் கட்டளையைக் கேட்டு உடலால் செய்து காட்டுகிறார்கள், பேச்சு தானாகப் பின்னால் வருகிறது. வழிகாட்டி நூலில் அதைப் பத்து முறையாவது படித்திருப்பேன். கயிறு கைக்கு வந்த பிறகு மறக்கவே இல்லை.

ஒரு பெண் குழந்தை ஜூனில் சேர்ந்தவள், ஐப்பசி மழை தொடங்கும் வரை ஒரு ஆங்கிலச் சொல் சொல்லவில்லை. கயிற்றை மட்டும் எல்லோருக்கும் முன்னால் இழுப்பாள். மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் இதை மௌனக் காலம் என்கிறார். புரிதல் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கும் காலம் அது. அப்போது எழுப்பி நிறுத்திப் பேசச் சொன்னால் பயம்தான் வளரும். அவளுடைய அம்மா மூன்று முறை வந்து, “பிள்ளை பேசவே மாட்டேன் என்கிறாளே டீச்சர்” என்று கேட்டுவிட்டுப் போனார். பொறுத்திருங்கள் என்று சொல்வதற்கு எனக்கே தைரியம் குறைவாகத்தான் இருந்தது.

இனி உச்சரிப்பு. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பென்சிலின் முதல் ஒலியும் பஸ்ஸின் முதல் ஒலியும் குழம்பும். நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. இதோ, இதை எழுதும்போதே வேறுபடுத்திக் காட்ட எனக்கு வழியில்லை. ஆனால் அந்த இரண்டு ஒலிகளும் எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கின்றன. பாம்பன் என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப பென்சில், மகர மெய்யை அடுத்து வரும் ப பஸ். தொண்டையில் கை வைத்து இரண்டையும் தனியாகச் சொன்னால் அதிர்வு எதில் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மண்டபம் என்றால் ட, ப இரண்டும் அதிரும். ஆகவே அவர்களுக்கு ஒலி தெரியாது என்று சொல்வது தவறு. சொல்லின் முதலில் அதை வைத்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை நான் கண்டிப்பாகத் தடுப்பதற்கும் இதுதான் காரணம். ‘பேக்’ என்று எழுதிவைத்தால் அது தோளில் மாட்டுவதா, முதுகுப்புறமா என்று யாருக்குத் தெரியும்?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. அங்கே பல பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போகும் இடத்தில் அரபு எழுத்தைக் கற்றிருப்பார்கள். ஒரு பையன் ஆங்கில நோட்டைப் பின்னாலிருந்து எழுதத் தொடங்கினான். பின்பக்கம் என்பது நம் பேச்சு. அவன் ஓதும் நூலில் அதுதான் முதல் பக்கம். அதட்டாதீர்கள், அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். அரபியில் ப ஒலி கிடையாது. அதனால் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய முன்னோர் புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்துகளை உண்டாக்கிக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அந்த அரபுத்தமிழில் நூல்களே எழுதியவர். இரண்டு மொழிகளின் ஒலியைப் பொருத்திப் பார்க்கும் வேலை இந்தக் கரைக்குப் புதிதல்ல.

2019 ஜூனில் மறுபடி தேர்வு. இந்த முறை கோட்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையின் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டேன். மௌனக் காலத்துக்கு அந்தப் பெண். வைகோட்ஸ்கிக்கு, தம்பியின் கையைப் பிடித்து எழுதவைக்கும் அக்கா. பியாஜேக்கு, கண்முன் பொருள் இருந்தால் மட்டும் சரியாகச் சொல்லும் இரண்டாம் வகுப்புப் பையன்கள். நீங்கள் இன்னும் வகுப்புக்குள் போகாதவர் என்றால், அண்டை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை ஒரு மாதம் உட்கார வைத்துப் பாருங்கள். வழிகாட்டி நூல் வாங்கும் காசில் கொஞ்சம் மிட்டாய்க்குப் போகும், போகட்டும். கணிதத்துக்கு இந்த வழி உதவாது, அதைப் போட்டுப் பார்த்தே பழக வேண்டும். 94 எடுத்துத் தேறினேன். தேர்வு எழுதிய அன்றும் அப்பா வலையோடுதான் இருந்தார். தடைக்காலம் முடிய இன்னும் நாள் இருந்தது.

‘ஸூ’ என்னும் விலங்குக்காட்சிசாலைச் சொல்லின் முதல் ஒலி மட்டும் என் வகுப்பில் இன்றும் ‘ஜூ’வாகத்தான் வருகிறது. எனக்கே சரியாக வராது. ஓதப் போகும் ஒரு சிறுமிக்கு அது தேனீ ரீங்கரிப்பதுபோல் வருகிறது. அரபியில் அதற்குத் தனி எழுத்து இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்துப் பாடம் எடுக்கிறாள்.